நூலக அலமாரியில் இணையம்: ஓர் ஆண்டுச் செய்முறைக் குறிப்பு

எங்கள் பள்ளி நூலகத்தின் நூல்களில் 127ஆவது சீட்டை ஒட்டி முடித்த அன்று மாலை இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு சீட்டும் ஒரு நூலின் பின்னட்டை உட்புறத்தில் ஒட்டப்பட்ட சிறு தாள். அதில் ஒரு கியூஆர் குறியீடும், நூலின் குறிப்பிட்ட பக்கத்தைச் சுட்டும் ஒரு கேள்வியும் இருக்கும். மாணவர் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுக் குறியீட்டை டேப்லெட்டில் படிக்க வைத்தால், நூலகத்தின் மூலையில் இருக்கும் உள்ளங்கையளவு கணினி அதற்குரிய கட்டுரையையோ, அசைவுப் படத்தையோ, செய்துபார்க்கும் மாதிரியையோ திறந்து காட்டும். சொல்லும்போது எளிதாக இருக்கும் இந்த ஏற்பாடு நிலைபெற ஓராண்டு ஆயிற்று. இதே முயற்சியில் இறங்கும் ஆசிரியருக்கும் நூலகருக்கும் பயன்படக்கூடும் என்பதால், எந்தத் தவறையும் மறைக்காமல், நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எங்களிடம் இருந்தவை 12 டேப்லெட்டுகள், விநாடிக்கு 10 மெகாபிட் வேகம் கொண்ட ஓர் இணைய இணைப்பு, வாரத்துக்கு ஒருமுறை 40 நிமிட நூலகப் பாடவேளை, 32 மாணவர்கள். முதல் வாரம் இதயத்தில் இரத்தம் ஓடும் விதத்தைக் காட்டும் காணொளி ஒன்றைக் குழுவுக்கு ஒரு டேப்லெட்டில் பார்க்கச் சொன்னேன். ஓரளவு தெளிவான காணொளிக்கு விநாடிக்கு 2.5 மெகாபிட் தேவை; 12 டேப்லெட்டுகள் ஒரே நேரத்தில் கேட்டால் 30 மெகாபிட். இந்தக் கணக்கை முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். போடாததால், முதல் குழுவுக்குப் படம் ஓடத் தொடங்கியபோது கடைசிக் குழு சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாடவேளை முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தது.

இரண்டாம் வாரம் காணொளியை விட்டுவிட்டு, ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று இணையத்தில் தேடி எழுதச் சொன்னேன். பக்கங்கள் விரைவாகத் திறந்தன. ஆனால் 12 குழுக்களில் ஒன்பது குழுக்கள் தேடுபொறி முதலாவதாகக் காட்டிய பத்தியை அதிலிருந்த எழுத்துப்பிழை உட்பட அப்படியே எழுதித் தந்தன. தாவரங்களைப் பற்றிய மூன்று நல்ல நூல்கள் அவர்கள் அமர்ந்திருந்த இடத்திலிருந்து நான்கடி தொலைவில் இருந்தன. ஒருவரும் எழுந்து போய் எடுக்கவில்லை. பிழைகள் இரண்டு: ஒன்று இணைப்பின் வேகம், மற்றொன்று நான் கேட்ட கேள்வி. நான் முதலாவதை மட்டுமே பிழையாகக் கருதி நான்கு மாதங்களை அதிலேயே செலவிட்டேன். வரிசையை மாற்றியிருந்தால் பாதிக் காலத்தில் முடிந்திருக்கும் என்பதே இந்தக் குறிப்பில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

சேவைக் கணினியை அமைத்தது

வேகக் குறைவுக்கு நான் தேர்ந்த தீர்வு, அடிக்கடி தேவைப்படும் பக்கங்களை ஒருமுறை இறக்கி நூலகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது. 4 ஜிபி நினைவகம் கொண்ட, ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கையளவு கணினி ஒன்றையும் 64 ஜிபி மெமரி கார்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். விக்கிப்பீடியா போன்ற தளங்களை முழுமையாக ஒரே கோப்பில் அடக்கித் தரும் கிவிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் 2007 முதல் இருந்து வருகிறது. அதன் சேவை நிரலை இந்தக் கணினியில் நிறுவி, இறக்கிய கோப்புகளை அதற்குச் சுட்டிக்காட்டினால் போதும். அறையில் உள்ள எந்தக் கருவியின் உலாவியிலும் அவை திறக்கும். நிறுவும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதைச் சுற்றியிருந்த சிறு வேலைகள்தாம் வாரக்கணக்கில் இழுத்தன.

முதல் தடை கோப்பைப் படியெடுப்பதிலேயே வந்தது. வீட்டில் இரவெல்லாம் இறக்கிய ஒரு பெரிய கோப்பைப் பென் டிரைவுக்கு மாற்றும்போது, இடம் நிறைய இருந்தும் கோப்பு மிகப் பெரியது என்ற செய்தி வந்து நின்றது. பென் டிரைவ் பழுது என்று எண்ணி வேறொன்றை வாங்கினேன். அதிலும் அதே செய்தி. இரண்டுமே ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டவை. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி அளவை எட்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி வடிவமைத்தவுடன் சிக்கல் தீர்ந்தது. இரண்டாவது பென் டிரைவ் தேவையற்ற செலவு.

இறக்கிய கோப்பைச் சரிபார்க்காமல் பயன்படுத்தியது அடுத்த தவறு. இணைப்பு நடுவில் அறுந்திருந்ததால் கோப்பின் இறுதிப் பகுதி குறைந்திருந்தது. முன்னோட்டமாக நான் திறந்து பார்த்த சில கட்டுரைகள் நன்றாகவே தெரிந்தன. வகுப்பில் மாணவர் திறந்தவற்றில் சில பிழை காட்டின. அதன் பின், விட்ட இடத்திலிருந்து தொடரும் பதிவிறக்க நிரலையே பயன்படுத்துகிறேன். தளத்தில் கோப்புக்கு அருகிலேயே தரப்பட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்ட பிறகுதான் பள்ளிக்கு எடுத்துச் செல்கிறேன். 10 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு மணி நேரத்தில் வருவது சுமார் 4.5 ஜிபி மட்டுமே. ஆங்கில விக்கிப்பீடியாவைப் படங்களோடு முழுதாக இறக்கினால் அது ஏறத்தாழ 100 ஜிபி. ஒரு நாள் முழுவதும் வேறு எதற்கும் இணைப்பைத் தொட முடியாது. எங்களுக்கு அது தேவையும் இல்லை. எளிய ஆங்கில விக்கிப்பீடியாவே எங்கள் மாணவருக்குப் பொருத்தமாக இருந்தது.

மின்சாரம் தந்த பாடம் கடுமையானது. ராஸ்பெரி பை 4 கேட்பது 5 வோல்ட், 3 ஆம்பியர். நான் கையில் கிடைத்த கைப்பேசி மின்னேற்றியைச் செருகினேன். திரையின் மூலையில் அவ்வப்போது ஒரு மின்னல் குறி தோன்றியது. மின்னழுத்தம் குறைகிறது என்ற எச்சரிக்கை அது. கணினி ஓடிக்கொண்டிருந்ததால் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் வாரம் மின்வெட்டு ஒன்றுக்குப் பின் கணினி எழவே இல்லை. மெமரி கார்டின் உள்ளடக்கம் சிதைந்திருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவ ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிறும் போயின. இப்போது உரிய மின்னேற்றி இருக்கிறது. கோப்புகள் அனைத்தும் யுஎஸ்பி வழியாக இணைத்த 512 ஜிபி எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியில் இருக்கின்றன. முறையாக நிறுத்துவதற்கென ஒரு பொத்தானைச் சேர்த்திருக்கிறோம். முழு அமைப்பின் நகல் ஒன்றைத் தனி மெமரி கார்டில் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அந்த நகலை எடுக்க ஆன நேரம் 35 நிமிடம்.

வைஃபை விஷயத்திலும் ஒரு சுற்று சுற்றினேன். ராஸ்பெரி பையிலேயே வைஃபை இருப்பதால் அதுவே 12 டேப்லெட்டுகளுக்கும் போதும் என்று நினைத்தேன். ஒன்பது வரை இணைந்தன. பத்தாவது இணையும்போது முன்னர் இணைந்த ஒன்று அறுந்தது. சின்னஞ்சிறு கணினியின் வைஃபை ஒரு வகுப்பின் சுமையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. கணினியைக் கம்பி வழியாக ரவுட்டரில் இணைத்து, வைஃபை வேலையை ரவுட்டரிடமே விட்டேன். ரவுட்டர் முதலில் இரும்பு அலமாரியின் பின்னால் இருந்தது. அதைச் சுவரில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மாற்றி, அருகிலுள்ள வலையமைப்புகளோடு மோதாதபடி 1, 6, 11 ஆகிய அலைவரிசைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து 11இல் நிறுத்தியதும், அறையின் கடைசி மேசையிலும் பக்கங்கள் இரண்டு விநாடிக்குள் திறந்தன.

எவற்றை இறக்கினோம்

பொறுக்கும் வேலையை நான் தனியாகச் செய்தது தவறு. முதல் பட்டியலில் எனக்குப் பிடித்த தளங்கள் இருந்தன. சக ஆசிரியர்களின் பாடத்திட்டம் இல்லை. பின்னர் ஒவ்வொருவரிடமும், அடுத்த பருவத்தில் மாணவர் தடுமாறக்கூடிய மூன்று இடங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவற்றுக்கு மட்டுமே தேடினேன். தமிழ் விக்கிப்பீடியா, தமிழ் விக்சனரி, தமிழ் விக்கிமூலம் மூன்றும் சேர்ந்தும் எஸ்எஸ்டியில் சிறு பகுதியையே எடுத்துக்கொண்டன. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய, திரையிலேயே செய்துபார்க்கும் பெட் என்ற அறிவியல் செய்முறை மாதிரிகளில் பல இணைய இணைப்பு இல்லாமலே இயங்கும். மின்சுற்று மாதிரியில் மாணவர் மின்கலத்தையும் விளக்கையும் இழுத்து இணைத்து, குறுக்குச் சுற்று ஏற்பட்டால் தீப்பிடிப்பதைத் திரையிலேயே பார்த்துவிட்ட பின் உண்மையான மின்கலத்தைத் தொட்டார்கள். இந்த ஒரு மாதிரி மட்டும் ஓராண்டில் வேறு எதையும்விட அதிகமுறை திறக்கப்பட்டது.

பழைய பாடக்குறிப்புகளிலிருந்து நான் எடுத்த அசைவுப் படச் சுட்டிகள் ஏறக்குறைய எல்லாமே வீணாயின. அவை உலாவியில் அசைவுப் படம் ஓட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் என்ற பழைய முறையில் செய்யப்பட்டவை. அந்த முறைக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்துவிட்டது. ஆறு பாடங்களுக்கு மாற்று தேட வேண்டியிருந்தது.

உரிமத்தைப் பற்றி ஒரு சொல். விக்கித் திட்டங்களின் உரை, பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிர்வதற்கு அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களின் முகப்புப் பக்கத்தை நீக்காமல் வைத்திருந்தால் அவற்றைத் தாராளமாகப் பகிரலாம் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இவற்றை மனக்குறையின்றிப் படியெடுத்தோம். காணொளித் தளங்களில் உள்ளவற்றை அவ்வாறு இறக்கி வைக்க அனுமதி இல்லாததால் அவற்றுக்குச் சுட்டி மட்டுமே தந்தோம். ஒரே நேரத்தில் ஒரு திரையில், வகுப்பு முழுவதும் சேர்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டபின் 10 மெகாபிட் தாராளமாகப் போதுமானதாயிற்று. முதல் வாரத்திலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய வழி இது.

நூற்பட்டியலும் தமிழ் எழுத்தும்

சீட்டு ஒட்டுவதற்கு முன் எந்த நூல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். எங்கள் பட்டியலில் 1,840 நூல்கள். அச்சு நூல்களுக்குத் தனித்தனியே வழங்கப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணைப் பட்டைக்கோடு படிப்பானில் காட்டி, இணையத்தில் உள்ள ஓப்பன் லைப்ரரி தளத்திலிருந்து தலைப்பையும் ஆசிரியரையும் தானாக எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். ஆங்கில நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு இது நிமிடத்துக்கு மூன்று நூல் என்ற வேகத்தில் நடந்தது. 2007ஆம் ஆண்டுக்கு முந்தைய நூல்களில் பத்து இலக்க எண் இருந்தது. கடைசி இலக்கத்தை நீக்கி, முன்னால் 978 சேர்த்து, சரிபார்ப்பு இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிட்டால் பதின்மூன்று இலக்க எண் கிடைத்துவிடும். தமிழ் நூல்களில் பலவற்றுக்குத் தரவு கிடைக்கவில்லை. பழைய நூல்களில் எண்ணே இல்லை. ஆகவே 700க்கும் மேற்பட்ட நூல்களின் விவரத்தைக் கையால் உள்ளிட்டோம். நான்கு ஆசிரியர்கள், ஆறு மாணவர்கள், ஒன்பது மாலைகள்.

உள்ளிட்டு முடித்தபின் தேடினால் பாதி நூல்கள் அகப்படவில்லை. பழைய பட்டியலின் ஒரு பகுதி, எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொது எண் தரும் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தது என்பது ஒரு காரணம். அதை எழுத்துரு மாற்றும் நிரல் ஒன்றில் இட்டுச் சரிசெய்தோம். மற்றொரு காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாட்கள் ஆயின. ‘கொக்கு’ என்று தேடினால் ஒரு நூல் வரும், மற்றொன்று வராது. திரையில் இரண்டு தலைப்புகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒருங்குறியில் ‘கொ’ என்ற எழுத்தை ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை; கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். வெவ்வேறு விசைப்பலகைகளில் உள்ளிட்டவர்கள் வெவ்வேறு வகையில் எழுதியிருந்தார்கள். இப்படி வெவ்வேறு வகையில் எழுதப்பட்டவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் ஒருங்குறி இயல்பாக்கம் என்ற செயலை, சேமிக்கும்போதும் தேடும்போதும் இருமுறையும் செய்யுமாறு கணினி ஆசிரியர் தேடல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார். கொம்பும் காலும் ஒன்றாகிவிட்டன.

அந்த ஒரு வரி தீர்க்காத பிழைகளும் உண்டு. ‘கௌதாரி’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் உள்ளிட்டிருந்தால் அதை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. உண்மையிலேயே அது வேறு எழுத்து. ‘ஸ்ரீ’ என்பதையும் இரண்டு வகையாக உள்ளிட முடியும். அவற்றையும் இயல்பாக்கம் ஒன்றாக்குவதில்லை. இத்தகைய 60 தலைப்புகளைக் கையால் திருத்தினோம். தமிழில் நூற்பட்டியல் தொடங்குபவர், முதல் நூலை உள்ளிடுவதற்கு முன்பே எல்லோருக்கும் ஒரே விசைப்பலகை அமைப்பைத் தந்துவிட வேண்டும்.

சீட்டு

முதல் சீட்டுகளில் கியூஆர் குறியீட்டின் அளவு 15 மில்லிமீட்டர். இணையப் பக்கத்தின் முழு முகவரியையும் அதில் அடக்கியிருந்தேன். ஒரு முகவரி 96 எழுத்து நீளம். அத்தனை எழுத்தை நடுத்தரப் பிழைதிருத்தத்தோடு (சிறிது சிதைந்தாலும் படிக்க உதவும் ஏற்பாடு) அடக்கக் குறியீட்டுக்கு 41க்கு 41 கட்டங்கள் வேண்டும். 15 மில்லிமீட்டரில் ஒரு கட்டம் 0.37 மில்லிமீட்டர். எங்கள் டேப்லெட்டுகளின் பழைய கேமராவால் அதைப் பிரித்தறிய முடியவில்லை. மாணவர் சீட்டை முகத்தருகே கொண்டுபோய் நிமிடக்கணக்கில் முயன்றதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. பளபளப்பான ஒட்டுத்தாளால் மூடியிருந்ததால் விளக்கொளி பட்டு மேலும் கெட்டது.

இப்போதைய சீட்டு 60க்கு 90 மில்லிமீட்டர், மங்கலான வெள்ளைத் தாள். குறியீட்டில் இருப்பது வலையமைப்பில் சேவைக் கணினியை அடையாளம் காட்டும் எண்முகவரியும் சீட்டு எண்ணும் மட்டுமே; மொத்தம் 25 எழுத்து. அதற்கு 25க்கு 25 கட்டங்கள் போதும். கட்டம் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்து, சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட்டால் 33 மில்லிமீட்டர் சதுரத்தில் அடங்குகிறது. ஒரு முழ தூரத்திலிருந்தே கேமரா படித்துவிடுகிறது. இந்த மாற்றத்தால் மற்றொரு பெரிய நன்மை: சீட்டு 58 எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பது சேவைக் கணினியில் உள்ள ஒரு பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது. வெளியிலுள்ள பக்கம் மறைந்துபோனால் அந்த வரியை மாற்றினால் போதும்; நூலிலிருந்து சீட்டைக் கிழிக்க வேண்டியதில்லை. முதல் ஆறு மாதத்தில் 140 வெளிச்சுட்டிகளில் ஒன்பது செயலிழந்தன. புதிதாக ஒரு சுட்டியைச் சேர்க்கும் நாளிலேயே அந்தப் பக்கத்தை பழைய இணையப் பக்கங்களைக் காத்துவைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினிலும் சேமித்து வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டதால், அவற்றுள் ஐந்துக்குப் பழைய பிரதி கிடைத்தது.

ஆனால் எண்முகவரி மாறக் கூடாது. ஒரு திங்கட்கிழமை எல்லாச் சீட்டுகளும் ஒரே நேரத்தில் பொய்த்தன. வார இறுதி மின்வெட்டுக்குப் பின் ரவுட்டர் புதிதாக எழுந்து, சேவைக் கணினிக்கு வேறொரு எண்ணை வழங்கியிருந்தது. ரவுட்டரின் அமைப்பில் அந்தக் கணினிக்கென்று ஓர் எண்ணை நிலையாக ஒதுக்க ஐந்து நிமிடம்தான் ஆகும். அதைச் செய்யாமல் 80 சீட்டுகளை அச்சிட்டிருந்தேன். நல்வேளையாகப் பழைய எண்ணையே மீண்டும் ஒதுக்க முடிந்தது.

வகுப்பில் நடந்தது

கருவி சரியானபின்தான் கேள்வியைத் திருத்தத் தொடங்கினேன். ‘என்றால் என்ன’ என்று முடியும் கேள்விகள் அனைத்தையும் நீக்கினேன். நூலின் ஒரு பக்கத்தையும் திரையின் ஒரு பக்கத்தையும் அருகருகே வைத்து, இரண்டுக்கும் இடையே மாறுபடுவது எது, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதது எது என்று கேட்கும் கேள்விகளே இப்போது சீட்டில் இருக்கின்றன. நூலைத் திறக்காமல் விடை எழுத முடியாது. திரையைப் பார்க்காமலும் முடியாது. படியெடுத்து எழுதும் வழக்கம் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் நின்றது.

நான் எதிர்பாராத பயன் சனிக்கோள் பற்றிய சீட்டில் கிடைத்தது. 1990களில் அச்சான எங்கள் வானியல் நூல் சனிக்கு 18 நிலவுகள் என்கிறது. 2024இல் நாங்கள் இறக்கிய கலைக்களஞ்சியப் பிரதியில் 146. ஒரு குழு அன்று நேரடி இணையத்திலும் தேடியது, அங்கே 274. 2025 மார்ச்சில் 128 புதிய நிலவுகள் ஒரே நேரத்தில் ஏற்கப்பட்டதால் வந்த எண் அது. மூன்று விடைகளில் எது பொய் என்று மாணவர் கேட்டனர். எதுவும் பொய்யன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது என்பதை அவர்களே நூலின் அச்சு ஆண்டைப் புரட்டியும், பிரதியை இறக்கிய நாளைப் பார்த்தும் கண்டுபிடித்தனர். அந்தப் பாடவேளையில் நான் பேசியது மிகக் குறைவு. அதே நூல் புளூட்டோவை ஒன்பதாவது கோள் என்று சொல்வதையும், சர்வதேச வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்டில் அதைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியதையும் அவர்கள் மறுவாரம் தாமாகவே கொண்டுவந்தார்கள். காலாவதியான நூல் என்று அதைக் கழித்துவிட நான் எண்ணியிருந்தேன். இப்போது அது முன்வரிசையில் இருக்கிறது.

இறக்கி வைத்த பிரதிகள் மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நம்பத்தகாத பக்கத்தை அடையாளம் காணும் பயிற்சிக்கு நேரடி இணையமே தேவைப்பட்டது. மரத்தில் வாழும் ஆக்டோபஸ் என்ற இல்லாத உயிரினத்தைப் பற்றி 1998இல் ஒருவர் வேண்டுமென்றே உருவாக்கிய தளம் இன்றும் இருக்கிறது. படங்களும் அறிவியல் பெயரும் கொண்ட அதை மாணவருக்குக் காட்டினேன். பக்கத்தின் அழகைப் பார்த்துப் பெரும்பாலோர் நம்பினர். அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிராமல், அதை விட்டு வெளியே சென்று வேறு யார் இந்த உயிரினத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று தேடச் சொன்னேன். அலமாரியிலிருந்த விலங்கியல் கலைக்களஞ்சியத்தையும் புரட்டச் சொன்னேன். ஏழு நிமிடத்தில் முதல் குழு அது பொய் என்று சொல்லி எழுந்து நின்றது. கடைசிக் குழுவுக்கு 19 நிமிடம்.

பயன்பாட்டை அளப்பதில் ஒரு குறை நேர்ந்தது. எந்தப் பக்கம் எந்த நாளில் எத்தனைமுறை திறக்கப்பட்டது என்ற பதிவைப் பார்த்தபோது, விடுமுறை நாட்களில் நூலகம் இயங்கியதாகக் காட்டியது. ராஸ்பெரி பை 4இல் நேரத்தைக் காக்கும் மின்கலம் கிடையாது. இணையம் இல்லாத காலையில் எழுந்தால், கடைசியாக நின்ற நேரத்திலிருந்தே அது எண்ணத் தொடங்கும். டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரப் பலகையை இணைத்தபின் தேதிகள் சரியாயின. அதற்கு முந்தைய நான்கு மாதப் பதிவை நான் பயன்படுத்தவில்லை. இரவல் பதிவேட்டின்படி, சீட்டு ஒட்டிய நூல்கள் கடந்த பருவத்தில் மொத்தம் 211முறை வெளியே சென்றன. அதற்கு முந்தைய பருவத்தில் அதே நூல்கள் 74முறை. முழுவதும் சீட்டால் நேர்ந்தது என்று நான் கொள்ளவில்லை, ஏனெனில் அந்த நூல்களை முன்மேசையிலும் வைத்திருந்தோம். அடுத்த பருவத்தில் முன்மேசையில் பாதி, அலமாரியில் பாதி என்று பிரித்து வைத்துப் பார்க்கப் போகிறேன்.

மீண்டும் தொடங்குவதாக இருந்தால், கணினியைத் தொடுவதற்கு முன் பத்து நூல்களை எடுத்து, பத்துக் கேள்விகளைத் தாளில் எழுதி, என் ஒரே கைப்பேசியை நடுமேசையில் வைத்து ஒரு மாதம் நடத்திப் பார்ப்பேன். எந்தக் கேள்வி நூலுக்குத் திருப்புகிறது என்று தெரிந்தபின், அதற்குத் தேவையான பக்கங்களை மட்டுமே இறக்குவேன். எஸ்எஸ்டி, சரியான மின்னேற்றி, கடிகாரப் பலகை, நிலையான எண்முகவரி ஆகிய நான்கையும் முதல் நாளிலேயே செய்துவிடுவேன். பிரதிகளைப் புதுப்பிப்பதற்கு ஆண்டுக்கு இரண்டு நாட்களைப் பள்ளி நாட்காட்டியிலேயே குறித்துவைப்பேன். ஆனால் பழைய பிரதி ஒன்றை அழிக்காமல் அருகிலேயே வைத்திருப்பேன், சனிக்கோள் பாடத்துக்கு அது வேண்டும்.

சீட்டு எழுத எனக்குச் சராசரியாக 40 நிமிடம் ஆகிறது; அதில் பெரும்பகுதி நூலை வாசிப்பதற்கு. கடந்த மாதம் முதல் இந்த வேலையை மாணவரும் செய்கிறார்கள். 127ஆவது சீட்டு ஒரு மாணவி எழுதியது. மண்புழுவைப் பற்றிய நூலின் 22ஆம் பக்கத்திலுள்ள படத்தில் மண்புழுவின் முன்பக்கம் எது என்று குறிக்கப்படவில்லை என்பதைக் கவனித்து, திரையில் உள்ள படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து நூலின் ஓரத்தில் பென்சிலால் மெல்லக் குறிக்கவும் என்று எழுதியிருக்கிறாள். நூலில் எழுதக் கூடாது என்பது எங்கள் நூலக விதி. அவள் கேட்டபடியே, அந்தப் பக்கத்துக்கு அளவாக ஒரு மெல்லிய தாளை வெட்டி, மேலோரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டிக் கொடுத்தேன்.